அத்தானின் பெட்டியில் அந்த பிரஸ் வர வேண்டாம்

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்களுக்கு ரப்பர் தோட்டம் இருக்கிறது. அப்பாவுக்கு 74 வயது. அவர் பெயரில் ஒரு பாயின்ட் 315 ரைபிள், 30 வருடத்துக்கும் மேலாக உரிமத்தோடு இருக்கிறது. தோட்டா கேட்டால் கடையில் ‘ஸ்டாக் இல்லை’ என்கிறார்கள். கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகவில்லை. அமெரிக்காவில் இருக்கும் அத்தான் வீட்டிலேயே தோட்டா ரீலோட் செய்கிறார், அதாவது சுட்ட காலி கேஸில் (பித்தளைக் கூட்டில்) மருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குகிறார். கிறிஸ்துமஸுக்கு வரும்போது அதற்கான பிரஸ் (அழுத்தும் கருவி), டை (அதில் மாட்டும் அச்சு) எல்லாம் கொண்டுவருவதாகச் சொல்கிறார். பவுடரும் (வெடிமருந்து) பிரைமரும் (அதைப் பற்றவைக்கும் சிறு மூடி) வாங்கித்தர மார்த்தாண்டத்தில் ஒருவர் இருக்கிறார். சுட்ட காலி கேஸ்கள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருக்கின்றன. எப்படித் தொடங்குவது?

பதில்: தொடங்காதீர்கள். இன்றைக்கே அத்தானுக்கு போன் போட்டு, அந்த பிரஸ்ஸைப் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

அவர் இருக்கும் ஊரில் இது கடையில் சாமான் வாங்கி, கேரேஜில் உட்கார்ந்து செய்கிற பொழுதுபோக்கு. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கே ஆயுதச் சட்டம் 1959 வேறு மாதிரி பேசுகிறது. ‘தோட்டா’ என்றால் சுடத் தயாராக இருக்கும் முழுத் தோட்டா மட்டும்தான் என்று நீங்கள் நினைப்பீர்கள். சட்டத்தின் 2ஆம் பிரிவில் இருக்கும் விளக்கத்தைப் படித்தால், தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் இயந்திரமும்கூட அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. அதாவது, ஒரு பொட்டு மருந்து கூட வைக்காமல், எண்ணெய் பூசிச் சும்மா மேஜையில் மாட்டி வைத்த பிரஸ்ஸே சட்டத்தின் கண்ணில் தோட்டா. அப்பாவின் உரிமத்தில் இத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்று ஒரு எண்ணிக்கை எழுதியிருக்குமே தவிர, இயந்திரம் வைத்திருக்கலாம் என்று எழுதியிருக்காது. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அந்தப் பெட்டியைத் திறந்தால், இறக்குமதி உரிமம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். ‘இரும்பு சாமான்தானே சார்’ என்ற பதில் அங்கே எடுபடாது.

அடுத்தது தயாரிப்பு. ஆயுதமோ தோட்டாவோ தயாரிக்க 5ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். காலி கேஸில் புது பிரைமர், பவுடர், குண்டு வைத்து மறுபடி சுடும்படி செய்வது தயாரிப்புதான் என்பது என் வாசிப்பு. அதில் நூலிழை பிடித்து வாதாடலாம். வாதாடுவது என் தொழில். ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் இல்லாத தயாரிப்புக்குக் குறைந்தபட்ச தண்டனையே 7 வருடம், ஆயுள் வரை போகலாம். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 வருடம். ஒரு தோட்டாவுக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க, 74 வயது மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பார்க்கிற வாதம் எனக்கு வேண்டாம்.

இனி மார்த்தாண்டத்துக்காரர். இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். தோட்டாவுக்கான பவுடர் சந்தில் கிடைக்கிற சரக்கு கிடையாது. உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்கு வெளியே ஒருவர் ‘பவுடர் இருக்கு’ என்றால் அது பெரும்பாலும் குவாரியிலிருந்து நழுவி வந்த வெடிமருந்து, அல்லது திருவிழா வெடி போடுகிறவர்களிடமிருந்து வந்த கருமருந்து. ரைபிள் பவுடர் நிதானமாக எரிந்து குண்டைத் தள்ளும்படி செய்யப்பட்டது. குவாரி மருந்து பாறையைப் பிளக்கச் செய்யப்பட்டது. அதை ரைபிளுக்குள் வைத்தால் பிளப்பது தோட்டா உட்காரும் சேம்பரை. சேம்பருக்குச் சற்றுப் பின்னால்தான் சுடுகிறவர் கண் இருக்கிறது. பழைய ரைபிள் என்றால் இன்னும் மோசம். சரக்கு நல்லதாகவே இருந்தாலும், அதை விற்றவன் பிடிபடும் நாளில் முதலில் சொல்லப் போவது வாங்கியவர் பெயரைத்தான். இதே ஆட்கள்தான் ‘வடக்கே ஒரு மாநிலத்தில் லைசென்ஸ் போட்டுத் தருகிறேன், லட்ச ரூபாய் கொடுங்கள்’ என்றும் வருவார்கள். அப்படிப் பணம் கொடுத்தவர்கள் என் அலுவலகத்தில் வந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தில் யு.ஐ.என். எனும் தனி அடையாள எண் ஏறாத உரிமம் வெறும் காகிதம்.

அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பற்றி நீங்கள் தனியாகப் பயப்பட வேண்டாம். அதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, கொஞ்சம் நுணுக்கமானது. 45ஆம் பிரிவின்படி, ஆயுதம் அல்லது தோட்டாவின் சிறு பாகங்களை, அவற்றோடு சேரும் மற்ற பாகங்களோடு பயன்படுத்தும் எண்ணமில்லாமல் வைத்திருந்தால் சட்டம் உங்களைத் தொடாது. அப்பா சுட்ட கேஸ்கள் ஞாபகத்துக்காக ஷோகேஸில் இருக்கின்றன, சரி. பேரப்பிள்ளை ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறான், அதுவும் சரி. அதே பாட்டில், பக்கத்து அறையில் ஒரு பிரஸ்ஸும் டப்பாவில் பிரைமரும் இருக்கும்போது? எண்ணம் என்ன என்று யாரும் கேட்கத் தேவையில்லை, அறையே சொல்லிவிடும். அந்த ‘மற்ற பாகங்கள்’ உங்களிடம்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வேறொருவரிடம் இருந்தாலும் போதும் என்று பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஆக, பிரஸ்ஸை இங்கே வேறொருவர் வீட்டில் வைத்துக்கொள்கிறோம் என்ற யோசனையும் உதவாது. பிரஸ் வராதவரை பாட்டில் வெறும் பித்தளை. அதைத் தூக்கி எறியவும் வேண்டாம். வாங்கின தோட்டாவுக்குக் கணக்குக் கேட்டால் காட்ட ஒரு பொருள் இருக்கட்டும்.

தோட்டத்துக்குப் பன்றி வருவதால்தான் இவ்வளவு தோட்டா தேடுகிறீர்கள் என்றால், ரைபிள் உரிமம் பன்றியைச் சுட அனுமதி ஆகாது. அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, வனத்துறை சம்பந்தப்பட்டது.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது அப்பாவின் வயது. 2016 ஆயுத விதிகளில் 25ஆம் விதி, உரிமதாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, ஒரு துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே சட்டப்படியான வாரிசு ஒருவருக்கு உரிமம் கேட்க வழி வைத்திருக்கிறது. உங்கள் அப்பா இரண்டு கணக்கிலும் தேறுகிறார். இது தெரியாமல் காத்திருந்து, பெரியவர் போன பிறகு, ரைபிளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வாரிசுச் சான்றுக்கு அலைந்து, வருடக்கணக்கில் கழித்துத் துருப்பிடித்த இரும்பாகத் திரும்ப வாங்கிய ஒரு குடும்பத்துக்கு நான்தான் ஆஜரானேன். அந்தக் கோப்பு எந்த மேஜையில் தூங்குகிறது என்று கேட்கப் போன ஒவ்வொரு நாளும் எனக்கு இன்றும் எரிகிறது.

நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஆன்லைன் வழியாக விண்ணப்பியுங்கள். துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். போலீஸ் அறிக்கை வரவில்லை என்று கைவிரிப்பார்கள். உரிய காலத்தில் அறிக்கை வராவிட்டால் அதற்காகக் காத்திராமல் உத்தரவு போடலாம் என்று ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவே சொல்கிறது. அதை மனுவில் எழுதிக்கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், 14ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. மேல்முறையீட்டுக்கு அந்தத் தாள்தான் வேண்டும்.

தோட்டாவுக்கு, உரிமம் பெற்ற ஒரு கடையில் அப்பாவே நேரில் போய் உரிமத்தைக் காட்டி ஆர்டர் எழுதி வைக்கட்டும். சரக்கு வர மாதங்கள் ஆகலாம். வந்ததும் வாங்கிய எண்ணிக்கையை உரிமத்தில் பதிந்து தரச் சொல்லுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். அத்தான் கிறிஸ்துமஸுக்கு வெறும் சாக்லேட்டோடு வரட்டும்.