வீகன் பீட்சா என்றார்கள், மேலே இருந்தது என்ன சீஸ்?

கேள்வி: பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டு, விலங்கிலிருந்து வரும் எதையும் தொடாத வீகனாக மாறி எட்டு மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி பிறந்தநாளுக்காகச் சென்னையில் ஒரு பெரிய ரெஸ்டாரன்டுக்குப் போனோம். மெனுவில் வீகன் மார்கரிட்டா பீட்சா 620 ரூபாய், சாதா மார்கரிட்டா 440. நமக்கென்று ஒன்று வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷமாக வாங்கினேன். கையில் எடுத்தால் சீஸ் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வருகிறது. சந்தேகம் வந்து சர்வரிடம் கேட்டேன். "மேடம், இது பால் சீஸ் இல்லை, அனலாக் சீஸ்" என்றவர், மெனுவில் இருந்த பச்சைப் புள்ளியையும் காட்டிவிட்டுப் போய்விட்டார். நான் ஏமாந்தேனா? - அம்பத்தூர் வாசகி

பதில்: சீஸ் பாக்கெட்டைப் பார்க்காமல் ஏமாந்தீர்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சர்வர் சொன்ன இரண்டில் ஒன்றுகூட உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை.

பச்சைப் புள்ளி என்றால் சைவம், அவ்வளவுதான். நம் ஊர்ச் சட்டப்படி பாலும் நெய்யும் தேனும் சைவம், அதனால் பால்கோவா டப்பாவிலும் அதே புள்ளிதான் இருக்கும். வீகனுக்கு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2022-இல் தனி விதிமுறையும் தனி முத்திரையும் கொண்டுவந்தது. பச்சை நிறத்தில் ஆங்கில 'வி' எழுத்து, அதன் மேல் ஒரு சின்ன இலை. அந்த விதிப்படி, பொருளில் மட்டுமல்ல, தயாரிக்கும்போது பயன்படுத்தும் என்சைம் வரைக்கும் விலங்கிலிருந்து வந்தது எதுவும் இருக்கக் கூடாது.

அனலாக் சீஸ் கதை இன்னும் மோசம். பால் கொழுப்பு விலை அதிகம் என்பதால் அதை எடுத்துவிட்டு பாமாயில் மாதிரி ஏதாவது ஒரு தாவர எண்ணெயைப் போட்டுச் செய்வதுதான் அது. கொழுப்பு மாறினாலும் கேசின் என்கிற பால் புரதத்தைப் பல தயாரிப்புகளில் அப்படியே விட்டுவைப்பார்கள், ஏனென்றால் சூட்டில் நூல் மாதிரி இழுபடுவது அந்தக் கேசினால்தான். அதாவது சீஸ் ஆசையோடு போனவருக்கும் அது முழு சீஸ் இல்லை, உங்களுக்கும் அது வீகன் இல்லை. மாவுச்சத்தைச் சேர்த்து ஓரளவு இழுபடும் வீகன் சீஸ்களும் கடையில் கிடைக்கின்றன, அதனால் நூல் வந்ததை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் 'அனலாக்' என்று அவரே வாயால் சொன்னது எனக்கு நல்லதாகப் படவில்லை.

அடுத்த தடவை "இது வீகனா?" என்று கேட்காதீர்கள், யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "எந்தக் கம்பெனி சீஸ், பாக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஒளிக்க எதுவும் இல்லாத கடை சிரித்துக்கொண்டே கொண்டுவந்து காட்டும். பொருள் பட்டியலில் கேசின், கேசினேட், வே (பால் திரியும்போது பிரியும் நீர்), பால் பவுடர் என்று ஏதாவது இருந்தால் கதை முடிந்தது. மாவில் பால் பவுடர் சேர்த்தார்களா, ஓரத்தில் வெண்ணெய் தடவுவார்களா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். ஒரு கடையில் நான் சீஸே வேண்டாம் என்று சொல்லி வாங்கிய பீட்சாவின் ஓரம் பளபளவென்று மின்னியது, என்ன என்று கேட்டால், "அது வெண்ணெய்தானே சார், சீஸ் இல்லையே" என்றார்கள். பெஸ்டோ சாஸ் என்றால் அதில் பெரும்பாலும் சீஸ் அரைத்தே இருக்கும்.

நீங்கள் சாப்பிட்டதை இனி யாரும் பரிசோதிக்க முடியாது, ஆனால் மெனுவைப் படம் எடுத்திருந்தாலும் பில் கையில் இருந்தாலும் போதும். முதலில் மேனேஜருக்கு எழுத்தில் கேளுங்கள், என்ன சீஸ் என்று. மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போடுங்கள், காசு கிடையாது. பில்லில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்க வேண்டும், அதைக் குறிப்பிட்டால் புகார் சரியான கடைக்குப் போய்ச் சேரும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் இரண்டு வருடத்துக்குள் போகலாம், நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் 620 ரூபாய் பீட்சாவுக்காக வாய்தா வாய்தாவாக அலையச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1915 போதும்.

கேள்வி: என் பையனுக்குப் பால் அலர்ஜி, வயது ஆறு. வீகன் பீட்சா என்றால் தைரியமாக வாங்கித் தரலாமா? - திருச்சி வாசகர்

பதில்: வேண்டாம். வீகன் பீட்சாவும் சீஸ் பீட்சாவும் ஒரே மேசையில், ஒரே கையால் உருட்டி, ஒரே சக்கரக் கத்தியால் வெட்டப்படும். கொள்கைக்காகப் பாலை விட்டவருக்கு அதில் ஒட்டி வரும் சீஸ் துளி பெரிய விஷயம் இல்லை, உங்கள் பையனுக்கு அதுதான் விஷயமே. போதாததற்கு, பல வீகன் சீஸ்கள் முந்திரியை அரைத்துச் செய்தவை, முந்திரியும் சிலருக்கு அலர்ஜி. பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கும் கடைகள் அலர்ஜி தரும் பொருட்களை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அதைக் கேட்டுப் பாருங்கள். ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் கடைப் பலகையை நம்பி எதையும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வீகன் பீட்சா ஆறினால் மெழுகுவத்தி சாப்பிடுவது போல இருக்கிறதே, இதற்கா கூடுதல் 180 ரூபாய்? - கோவை வாசகர்

பதில்: மார்கழி காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் உறைந்து நிற்குமே, அதேதான். வீகன் சீஸ்களில் நிறைய தேங்காய் எண்ணெயும் மாவுச்சத்தும் கலந்து செய்தவை, தேங்காய் எண்ணெயோ சுமார் 24 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். ஏசியை 22-இல் வைத்துவிட்டு நீங்கள் பேசிக்கொண்டிருந்தால் அது தட்டிலேயே உறையும். வந்த சூட்டில் சாப்பிட்டுவிட வேண்டும், வேறு வழி இல்லை.

விலைக்கு வருவோம். வீகன் சீஸ் விலை அதிகம் என்பது உண்மைதான், ஆனால் ஒரு பீட்சாவுக்கு ஒரு பிடி சீஸ் போகும், அதற்கு 180 ரூபாய் என்பது எனக்கு அதிகமாகத்தான் தெரிகிறது. நான் அந்தப் பக்கமே போவதில்லை. விறகடுப்பு வைத்து இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரப் பாணியில் சுடும் கடைகளில் மரினாரா என்று ஒன்று இருக்கும். தக்காளி, பூண்டு, ஒரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான், பிறவியிலேயே சீஸ் கிடையாது. கடலை நினைவூட்டும் பேரைக் கேட்டு மீன் இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். அந்தப் பாணி மாவும் மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும்தான். மெனுவில் பெரும்பாலும் இதுதான் விலை குறைந்த பீட்சாவாக இருக்கும், அதனாலோ என்னவோ சர்வர்கள் இதைச் சிபாரிசு செய்து நான் பார்த்ததில்லை.

கேள்வி: பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா? - வேளச்சேரி வாசகி

பதில்: வேண்டியதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே, கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 620 ரூபாய்க்கு 62 ரூபாயைச் சேர்த்து, அந்த 62-க்கும் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போடுவார்கள், கவனித்துப் பாருங்கள். எடுத்துவிட்டு வேறு பில் கொண்டுவரச் சொல்லுங்கள். பரிமாறிய பையனுக்குக் கொடுக்க விருப்பம் இருந்தால் அவர் கையில் கொடுங்கள்.