உட்செவி உருவாகும்போது ஒட்டுப் புரதங்கள்: கேள்வியும் பதிலும்

கேள்வி (முதுகலை விலங்கியல் மாணவி): கோழிக் கருவில் செவித்தகடு குமிழாக மாறும் கட்டத்தில் ஒட்டுப் புரதங்களுக்கு என்ன வேலை?

பதில்: பின்மூளையை ஒட்டிய புறப்படலம் தடித்துச் செவித்தகடாவது அடைகாத்த இரண்டாம் நாளில், அது குழிந்து மூடிக் குமிழாவது மூன்றாம் நாளில். ஈ-கேதரின் போன்ற ஒட்டுப் புரதங்கள் அண்டைச் செல்களைப் பிடித்து வைத்திருப்பதால்தான் படலம் கிழியாமல் வளைகிறது. ஆனால் குமிழின் முன்கீழ்ச் சுவரில் நரம்பணுக்களாகப் போகும் செல்கள் அந்தப் பிடியைத் தளர்த்திக்கொண்டு வெளியேறிச் செவி நரம்பு முடிச்சாகத் திரள வேண்டியிருக்கிறது. ஒரே சுவரில் ஓரிடம் இறுகவும் ஓரிடம் இளகவும் வேண்டும் என்பதால், எந்த மரபணு எங்கே எப்போது வெளிப்படுகிறது என்பதே இங்கு முக்கியமான கேள்வி.

கேள்வி (ஆய்வு மாணவர்): ஆர்.என்.ஏ. சாயம் ஓரிடத்தில் ஏறினால், புரதமும் அங்கே இருப்பதாக எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. மரபணுவின் ஆர்.என்.ஏ. நகல் இருக்குமிடத்தைக் காட்டும் இந்தச் சாயம் செல்லின் உடல் முழுக்க மங்கலாகப் படரும். என்-கேதரின் என்ற ஒட்டுப் புரதத்தையே பற்றிக் காட்டும் எதிர்ப்பொருளோ செல் எல்லைகளை மட்டும் கம்பிக்கோலம் போல வரைந்து காட்டும். செல் படலத்தில் வந்து, உள்ளிருந்து தாங்கும் கேட்டினின் புரதங்களோடு இணைந்து, வெளியே கால்சியமும் இருந்தால்தான் கேதரின் ஒட்டும். இரண்டு சாயங்களையும் அடுத்தடுத்த வெட்டுகளில் செய்யுங்கள்.

கேள்வி: மயிர்ச்செல்லும் தாங்கு செல்லும் சதுரங்கக் கட்டம் போல மாறி மாறி அமைவது எப்படி?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒலியை உணரும் மயிர்ச்செல் ஆவது யார், அதைச் சூழ்ந்து நிற்கும் தாங்கு செல் ஆவது யார் என்பதை அண்டைச் செல்களுக்கிடையேயான நாட்ச் சமிக்ஞையும் ஏடோ-1 மரபணுவும் முடிவு செய்கின்றன. ஆனால் யார் யாருக்குப் பக்கத்தில் அமர்வது என்பது வேறு கணக்கு. எலியின் நத்தைக்குழலில் (காக்ளியா) மயிர்ச்செல்கள் நெக்டின்-1 என்ற ஒட்டுப் புரதத்தையும் தாங்கு செல்கள் நெக்டின்-3ஐயும் வெளிப்படுத்துகின்றன. இவ்விரண்டும் தம் இனத்தோடு ஒட்டுவதைவிட ஒன்றோடொன்று ஒட்டுவது வலுவானது என்பதால், ஒவ்வொரு மயிர்ச்செல்லும் தாங்கு செல்லையே தேடிப் பற்றுகிறது. இவற்றில் ஒன்றின் மரபணு நீக்கப்பட்ட எலிகளில் மயிர்ச்செல்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். கட்டம் குலைந்தது, மயிர்ச்செல்கள் உருவாகாமல் போகவில்லை.

கேள்வி (ஒரு தாய்): ஐயா, என் மகனுக்கு அஷர் நோய்க்குறி முதல் வகை, கேதரின்-23 மரபணுவில் பிழை என்கிறார்கள். அதுவும் ஒட்டுப் புரதம்தானா?

பதில்: ஆம் அம்மா. மயிர்ச்செல்லின் நுனிமயிர்களை இணைக்கும் முனை இழையின் மேற்பாதி கேதரின்-23, கீழ்ப்பாதி புரோட்டோகேதரின்-15. ஒலியில் மயிர்கள் சாயும்போது இந்த இழை இழுபட்டு அயனிக் கதவைத் திறக்கிறது. கால்சியத்தை அகற்றினால் இழை அறுந்துவிடும். கரு வளர்ச்சியின்போது மயிர்கள் படிக்கட்டு போல ஒழுங்காக நிற்கவும் இதே புரதங்கள் தேவை. அதனால்தான் அஷர் முதல் வகையில் செவிக்குறை பிறவியிலேயே தெரிகிறது, சமநிலை பாதித்து நடக்கத் தாமதமாகிறது. காக்ளியர் இம்ப்ளாண்ட் மயிர்ச்செல்லைத் தாண்டி நரம்பையே தூண்டுவதால் பயன் தரும். விழித்திரையும் மெல்லப் பாதிக்கப்படும் என்பதால் கண் மருத்துவரின் தொடர் கண்காணிப்பைத் தவற விடாதீர்கள்.

கேள்வி: கோழிக்கு மயிர்ச்செல் மீண்டும் முளைக்கிறது; நமக்கு ஏன் இல்லை?

பதில்: பறவைகளில் அது முளைப்பது 1988இல் உறுதியானது. பாலூட்டிகளின் சமநிலை உறுப்பில், பிறந்தபின் தாங்கு செல்களின் எல்லையில் ஈ-கேதரின் பெருகி இறுகுகிறது. கோழியில் அப்படி இறுகுவதில்லை. இந்த இறுக்கமும் மயிர்ச்செல் மீண்டும் முளைக்காததும் பொருந்தி வருகின்றன. இதுவே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.