பட்டாளத்துக்காரர் பதில்கள்: யார் பெயர் முதலில்?

கேள்வி: ஐயா, போர்களில் இறந்த எங்கள் ஊர் வீரர்களுக்கு நினைவுத்தூண் வைக்கிறோம். பெயர்களைப் பதவி வரிசையில் போடச் சொல்கிறார்கள் சிலர். உலகப்போரில் இறந்தவர்களையும் சேர்க்கலாமா?
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: கட்டாயம் சேருங்கள் தம்பி. வெள்ளைக்காரன் படையில் இருந்தவர்தானே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவரும் நம் ஊர்ப் பிள்ளைதான்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இரண்டு உலகப்போர்களிலும் உயிரிழந்த இந்திய வீரர்களும் இருக்கிறார்கள். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருப்பதால் செல்லையா, தங்கையன் போன்றவற்றை நாலைந்து விதமாக அடித்துப் பாருங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1 அன்றுதான்; உலகப்போர்க் காலத்தில் அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. ஆகவே, ஊர் இருக்கும் இடத்தில் திருவிதாங்கூர் என்று கண்டால் தாண்டிப் போய்விடாதீர்கள். விடுதலைக்குப் பிந்தியவர்களுக்கு, 2019இல் திறந்த டெல்லி தேசியப் போர் நினைவுச்சின்னத்தின் பெயர்களோடு சரிபாருங்கள். நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேளுங்கள்.

பதவி வரிசை வேண்டவே வேண்டாம். அந்த ஆணையத்தின் கொள்கையே பதவி பார்த்து வேறுபாடு காட்டக் கூடாது என்பது. சிப்பாயின் தாய் அழுததும் அதிகாரியின் தாய் அழுததும் ஒன்றுதான். இறந்த தேதிப்படி போடுங்கள். பதவியைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதலாம்.

அப்புறம், பெயின்ட் எழுத்து வேண்டாம், மழையில் போய்விடும். கருங்கல்லில் வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன்பு ஒவ்வொரு வீட்டாரிடமும் எழுத்தைக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.