சி.எம்.டி.ஏ. அப்ரூவல் இருந்தால் ஏரிப் பக்கம் மனை வாங்கலாமா?

கேள்வி: மேடவாக்கம் தாண்டி, ஓர் ஏரிக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் நடுவே ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவல் இருக்கிறது, பேங்க் லோனும் கிடைக்கும் என்கிறார்கள். வெள்ளத்தையும் சதுப்பு நிலச் சட்டத்தையும் நினைத்துப் பயப்பட வேண்டுமா?

பதில்: கொஞ்சம் பயப்படுங்கள். தென்சென்னைப் புறநகரில் பிளான் வரைந்து அனுமதிக்கு ஃபைல் போடுவதுதான் என் தொழில். இங்கே அப்ரூவல் சொல்வது ‘இந்த மனையில் கட்டலாம்’ என்பதை மட்டும்தான். மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு அதில் பதில் தேடாதீர்கள்.

முதலில் ஒரு விஷயம். வெள்ளச் சமவெளியில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று கோடு போடும் தனிச் சட்டம் தமிழ்நாட்டில் கிடையாது. மத்திய அரசு 1975-லேயே மாதிரி மசோதா ஒன்றை மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர் 1978-லும் ராஜஸ்தான் 1990-லும் உத்தராகண்ட் 2012-லும் சட்டம் போட்டன. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டு, அடையாற்றங்கரை முழுக்க மூழ்கிய பிறகும் நாம் போடவில்லை.

அந்த இடத்தை இப்போது நிரப்புவது நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று. பேச்சு வழக்கில் இன்னும் பொதுப்பணித் துறையின் பெயரில் ‘பி.டபிள்யூ.டி. என்.ஓ.சி.’தான். நீர்நிலைக்குப் பக்கத்திலோ தாழ்வாகவோ இருக்கும் நிலத்துக்கு இதைக் கேட்பார்கள். பொறியாளர் வந்து மட்டம் எடுப்பார். அந்தப் பகுதியின் அதிகபட்ச வெள்ள மட்டத்தோடு ஒப்பிட்டு, மனையை இன்ன உயரத்துக்குக் கிராவல் அடித்துக் கெட்டிப்படுத்து, நடுவே ஓடும் வாய்க்காலை மூடாதே, வடிகால் கட்டு என்று நிபந்தனைகள் எழுதுவார். துறையைக் குறை சொல்லவில்லை, தனி மனையைக் காப்பாற்ற அது சரியான யோசனைதான்.

ஆனால் ஒரு லேஅவுட்டை மூன்று நான்கு அடி உயர்த்தினால், முன்பு அங்கே தங்கிய தண்ணீர் அடுத்த தெருவுக்குத்தான் போக வேண்டும். அந்தத் தெருவில் 1990-களில் கட்டிய வீடுகள் இருக்கும். அவர்களுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்புவதில்லை. அப்புறம் ரோடு போடும்போது பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, வாசலில் இரண்டு படி இறங்கித்தான் அந்த வீடுகளுக்குள் போக முடியும் என்ற நிலை வந்துவிடுகிறது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள், நான் சொல்வது புரியும். இன்று உயர்த்திய உங்கள் மனையும், பக்கத்து வயலில் அடுத்த லேஅவுட் வந்தால் பள்ளமாகிவிடும். ஒவ்வொரு ஃபைலாகப் பார்த்தால் எல்லாம் விதிப்படி இருக்கும். மொத்தமாகக் கூட்டிப் பார்க்கிற வேலைதான் யாருக்கும் இல்லை. விதிகளின் பெரிய ஓட்டை என்று நான் நினைப்பது இதைத்தான்.

இனி சதுப்பு நிலச் சட்டம். 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள்படி, அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தில் கடந்த 10 ஆண்டுகளின் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே விதிகள் ஆறுகளையும் நெல்வயல்களையும் பாசனத்துக்கென்று மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும் வெளியே நிறுத்திவிடுகின்றன. நம் ஊர் ஏரிகளில் பெரும்பாலானவை பாசனத்துக்காகக் கட்டியவை. ஆக, உங்கள் மனைக்கு ஒரு பக்கம் இருக்கும் ஏரிக்கு அந்த 50 மீட்டர் பெரும்பாலும் பொருந்தாது. ஏரிக்கு இருப்பது 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். அது ஏரியின் எல்லைக்குள் இருப்பவரை வெளியேற்றும். எல்லையைத் தொட்டுக்கொண்டு வெளியே நிற்பவரைப் பற்றி அதிகம் பேசாது.

மறுபக்கம் இருக்கும் பள்ளிக்கரணை வேறு கதை. 2022-இல் அது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, பரப்பு ஏறக்குறைய 1,248 ஹெக்டேர். வனத்துறையின் காப்புக்காடு இதில் ஒரு பகுதிதான். அதனால் வேலியைப் பார்த்துவிட்டு ‘இதோடு சதுப்பு நிலம் முடிந்தது’ என்று புரோக்கர் கை காட்டினால் நம்பாதீர்கள். 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, தாக்க மண்டலம் (சதுப்பு நிலத்தைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதி) எதுவென்று ஆய்வு முடியும்வரை ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்கும் கட்டுமான அனுமதி கொடுக்கக் கூடாது என்றது. லேஅவுட் அனுமதி பழையதாக இருந்தாலும், வீடு கட்ட நீங்கள் போடும் ஃபைல் புதியது. உங்கள் சர்வே எண் அந்தத் தூரத்துக்குள் வருகிறதா, தடையின் இன்றைய நிலை என்ன என்று சி.எம்.டி.ஏ.விலேயே எழுத்தில் கேளுங்கள். லேஅவுட் ஆபீசில் கேட்டால் ‘அதெல்லாம் முடிஞ்சுபோச்சு சார்’ என்றுதான் சொல்வார்கள்.

பேப்பர்களுக்கு வருகிறேன். பேங்க் வக்கீல் பார்ப்பது பெரும்பாலும் தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா. நீங்கள் கூடுதலாக அ-பதிவேடும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) எஃப்.எம்.பி. வரைபடமும் (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புல வரைபடம்) எடுங்கள். இரண்டும் அரசின் இ-சேவை இணையதளத்தில் கிடைக்கும். அ-பதிவேட்டில் உங்கள் எண்ணோடு நிறுத்தாமல், சுற்றியுள்ள எண்களையும் போட்டுப் பாருங்கள். ‘வாய்க்கால்’, ‘ஏரி’, ‘கழுவெளி’ (சதுப்பு நிலம்) என்று வகைப்பாட்டில் வந்தால் உஷார். எஃப்.எம்.பி.யில் இரண்டு கோடுகள் குறுகலாகச் சேர்ந்து ஓடி, தனி உட்பிரிவு எண்ணோடு இருக்கிறதா என்று கவனியுங்கள். அது ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயாகவோ, ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் கலங்கலிலிருந்து வரும் போக்குக்கால்வாயாகவோ இருக்கலாம். லேஅவுட் வண்ணப்படத்தில் அதே இடம் பச்சையடித்து ‘பார்க்’ என்றோ, முப்பது அடி ரோடு என்றோ இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வாய்க்கால் மேல் ரோடு போட்டாலும் தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும்.

இன்னொன்று, ஏரி உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் பரப்பில், பட்டா நிலமே உண்டு. ஏரி நிரம்பினால் மூழ்கும், வற்றினால் பயிர் வைப்பார்கள், பட்டா சுத்தமாக இருக்கும். ‘பட்டா நிலம்தான் சார்’ என்பது அங்கே ஒரு ஆறுதலும் இல்லை. கரையின் எந்தப் பக்கம் மனை இருக்கிறது, கலங்கல் எங்கே இருக்கிறது என்று நேரில் நின்று பாருங்கள்.

கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். 2015 வெள்ளத்தை ஒட்டிய படமும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை ஒட்டிய படமும் கிடைத்தால் போதும். பக்கத்துத் தெருவில் மின்சார மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். தலைக்கு மேலே ஏற்றி வைத்திருந்தால், ஏன் என்று அந்த வீட்டுக்காரரையே கேளுங்கள். உட்கார வைத்து முழுக் கதையும் சொல்வார்.

அட்வான்ஸ் கொடுத்தாச்சு என்கிறீர்கள். சரி, கிரயத்துக்கு முன் நீர்வளத் துறைச் சான்றின் நகலை, நிபந்தனைப் பக்கங்களோடு, கேளுங்கள். எந்த மட்டம்வரை உயர்த்தச் சொன்னார்கள் என்று அதில் இருக்கும். தெரிந்த சர்வேயரை வைத்து இப்போதைய தரைமட்டத்தை அளந்து ஒப்பிடுங்கள். இரண்டாவது, அந்த மனைக்கு வீட்டு அனுமதி மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வரும் என்று அக்ரிமென்ட்டில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காமல் ‘ரிஜிஸ்ட்ரேஷன் முடியட்டும், பார்த்துக்கலாம்’ என்று இழுத்தால், அட்வான்ஸைத் திரும்பக் கேட்டுவிடுங்கள். கொஞ்சம் பிடித்துக்கொண்டு கொடுத்தாலும் பரவாயில்லை.