கொப்பியின் ஓரத்தில் மூன்று எழுத்துகள்

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாரிசவாதம் வந்து பதினொரு மாதமாகப் படுக்கையில் இருக்கும் அம்மாவுடன் வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் இருக்கிறார். உதவிக்கு ஒரு பெண் தினமும் வந்து மாலை ஆறு மணிக்குப் போய்விடுவார். நான் வத்தளையிலிருந்து ஞாயிறுதோறும் போய்ப் பார்த்து வருகிறேன். அண்ணா கனடாவிலிருந்து பணம் அனுப்புகிறார். அப்பா இப்போது இரவிரவாக விண்வெளிச் சண்டை விளையாட்டு ஒன்றில் மூழ்கிக் கிடக்கிறார். அதில் அசையும் படம்கூட இல்லை. எட்டுக்கு எட்டுக் கட்டங்களும் எழுத்துகளும் நட்சத்திரக் குறிகளும்தான். என் மகன்தான் போட்டுக்கொடுத்தான். போன மாதம் ஓர் இரவு அங்கே தங்கியபோது, ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் அவர் அதன் முன்னால்தான் இருந்தார். பக்கத்தில் ஒரு கொப்பி. அதில் 207, 014 என்று எண்கள். ஓரத்தில் ‘10 இ, 12 ம, 2 வ, 4 இ’ என்று பக்கம் பக்கமாகக் கிறுக்கல். அறளை பெயரத் தொடங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. பகலில் கதிரையிலேயே தூங்கி விழுகிறார். கடவுள் புண்ணியத்தில் அம்மாவின் உடம்பில் ஒரு புண்கூட இல்லை. ஆனால் இப்படியே போனால் அம்மாவின் கதி என்ன? கணினியை எடுத்துவிடச் சொல்கிறார் அண்ணா. எடுத்துவிடலாமா?
— கவலையுள்ள மகள், வத்தளை

பதில்: கணினி விளையாட்டைப் பற்றி எனக்கு வரும் கடிதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய மகனைப் பற்றித் தாய் எழுதுவார். வேலையால் வந்ததும் திரைக்கு முன்னால் குந்திவிடும் கணவனைப் பற்றி மனைவி எழுதுவார். உங்கள் கடிதத்தையும் அந்தக் கட்டோடு சேர்த்து வைக்கத்தான் எடுத்தேன். ஆனால் அந்தக் கொப்பியைப் பற்றிய வரிக்கு வந்ததும் எனக்கு மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை. திரும்பவும் அதே வரியையே வாசித்துக்கொண்டிருந்தேன்.

தெரியாத பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எனக்குப் பிடிக்காது என்பதால், நீங்கள் விவரித்த விளையாட்டைத் தேடி எடுத்து இரண்டு மாலைகள் விளையாடிப் பார்த்தேன். 1971 இல் அமெரிக்காவில் பாடசாலை மாணவர் ஒருவர் பல்கலைக்கழகக் கணினி ஒன்றில் எழுதத் தொடங்கிய விளையாட்டின் வழிவந்தது அது. விண்வெளி 64 பிரதேசங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொரு பிரதேசத்துக்குள்ளும் மறுபடி 64 கட்டங்கள். கையில் 3000 அலகு சக்தியும் பத்துக் குண்டுகளும் தரப்படும். குறித்த நாட்களுக்குள் பகைக் கப்பல்கள் அனைத்தையும் தேடி அழிக்க வேண்டும். சக்தி குறைந்தால் தளம் ஒன்றின் பக்கத்துக் கட்டத்தில் போய் நின்று நிரப்பிக்கொள்ள வேண்டும். அயல் பிரதேசங்களைத் துருவிப் பார்க்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு மூன்றிலக்க எண் வரும். முதல் இலக்கம் பகைக் கப்பல்களின் எண்ணிக்கை, இரண்டாவது தளம், மூன்றாவது நட்சத்திரங்கள். ஆகவே உங்களைப் பயமுறுத்திய 207 என்பது, அங்கே இரண்டு பகைக் கப்பல்கள் உண்டு, தளம் இல்லை, ஏழு நட்சத்திரங்கள் உண்டு என்பதாகும். 014 என்ற இடத்தில் பகை இல்லை, தளம் ஒன்று இருக்கிறது. கணக்காளராக இருந்த மனிதர் இதைக் கொப்பியில் எழுதி வைத்து, எந்தப் பிரதேசத்துக்கு முதலில் போனால் சக்தியும் நாளும் மிஞ்சும் என்று கணக்குப் போடுவதில் அறளையின் அறிகுறி எதையும் நான் காணவில்லை.

ஆனால் அந்த விளையாட்டில் இ, ம, வ என்று எதுவும் கிடையாது. நான் தேடிப் பார்த்தேன். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்ற இலக்கங்களுக்கும் அங்கே வேலையில்லை. அவை மணிகள். இடது, மல்லாத்தல், வலது, மீண்டும் இடது. உங்கள் அப்பா இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை உங்கள் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்து, அடுத்த முறை எந்தப் பக்கம் என்பது தூக்கக் கலக்கத்தில் மறந்துவிடாதிருக்க எழுதி வைத்திருக்கிறார். பக்கம் பக்கமாக என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எத்தனை இரவுகள் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தீர்களா, மகள்? கொப்பியைப் பிரித்துப் பார்த்த நீங்கள், “அப்பா, இது என்ன?” என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அண்ணாவிடம் சொன்னீர்கள், எனக்கு எழுதினீர்கள். கொப்பியில் எழுதியவரோ அடுத்த அறையில் இருந்தார்.

அம்மாவின் உடம்பில் ஒரு புண்கூட இல்லை என்பதைக் கடவுள் புண்ணியம் என்று ஒரே சொல்லில் கடந்து போயிருக்கிறீர்கள். கடவுளை நம்புகிறவள்தான் நானும். என்றாலும், இடுப்பு எலும்பு முறிந்து பதினான்கு மாதம் படுக்கையில் இருந்த என் மாமியைப் பார்த்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்: அசைய முடியாத உடம்பில் பதினொரு மாதம் புண் வராமல் இருப்பது தானாக நடக்கும் காரியமல்ல. ஒரே பக்கம் அழுந்திக் கிடக்கும்போது எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோலுக்கு இரத்த ஓட்டம் நின்றுபோகிறது. வால் எலும்பு, இடுப்பு, குதிக்கால் ஆகிய இடங்களில்தான் முதலில் பழுதாகும். நான் அசதியில் இரண்டு இரவுகள் தொடர்ந்து விடியும்வரை தூங்கிவிட்டேன். மூன்றாம் நாள் குளிப்பாட்டும்போது மாமியின் வால் எலும்பின் மேல் ஒரு சிவப்புத் திட்டு இருந்தது. விரலால் அழுத்தினால் வெளுத்து மீள வேண்டிய தோல் வெளுக்காமல் அப்படியே சிவந்து கிடந்தது. அது புண்ணாகி ஆறுவதற்கு நான்கு மாதம் சென்றது. மருந்து கட்டும் ஒவ்வொரு தடவையும் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இரண்டு இரவுகளை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்கள் அப்பாவுக்கு அப்படியொரு இரவுகூட இருந்ததில்லை என்பதை அந்தத் தோலே சொல்கிறது.

அப்படியானால் இந்த விளையாட்டு எதற்கு என்று கேட்பீர்கள். பத்து மணிக்குத் திருப்பிவிட்டுப் படுத்தால் பன்னிரண்டு மணிக்கு எழும்ப வேண்டும்; 68 வயதில் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து இரவில் மூன்று நான்கு தடவை எழும்புவதைவிட விழித்தே இருப்பது சிலருக்கு இலகுவாக இருக்கும். புத்தகம் எடுத்தால் கண் சொருகும். தொலைக்காட்சி அவரைக் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும். அதன் முன்னால் தூங்கிப்போவது மிகச் சுலபம். விண்வெளிச் சண்டை விளையாட்டுகளும் எல்லாம் ஒரே மாதிரியல்ல. 1962 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் உருவான முதல் விளையாட்டில் இரண்டு கப்பல்கள் ஒரு சூரியனைச் சுற்றிச் சண்டையிடும். கையை எடுத்தால் சூரியன் கப்பலை இழுத்துவிடும். அப்படிப்பட்ட விளையாட்டில் அவர் இருந்திருந்தால் உங்கள் பயத்தில் நியாயம் இருந்திருக்கும். அப்பாவின் விளையாட்டோ, அடுத்த கட்டளை என்ன என்று கேட்டுவிட்டு அசையாமல் நிற்கும். அவர் எழும்பிப் போய் அம்மாவைத் திருப்பி, விரிப்பின் சுருக்கத்தை நீவி, தண்ணீர் பருக்கி, அரை மணித்தியாலம் கழித்து வந்தாலும் பகைக் கப்பல் விட்ட இடத்திலேயே நிற்கும்; அவர் ஒரு கட்டளை கொடுக்கும்வரை அது சுடாது. சிந்தனையை விழிக்க வைத்து, கூப்பிட்ட உடனே விட்டுவிட்டுப் போகக்கூடிய ஒரு துணையை உங்கள் மகன் தன் தாத்தாவுக்குக் கொடுத்திருக்கிறான். தெரிந்துதான் கொடுத்தானா என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே கணினியை எடுக்காதீர்கள். அண்ணாவிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பணம் அனுப்புகிறவருக்கு வீட்டுப் பொருளை எடு, வை என்று கட்டளையிடும் உரிமை வந்துவிடாது.

உங்கள் அப்பாவின் நிலைமை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அது மிக மோசமாக இருக்கிறது. நீங்கள் சொன்ன காரணத்தால் அல்ல. பகலில் கதிரையில் தூங்கி விழும் மனிதர் மாதக்கணக்காக ஓர் இரவும் முழுதாகத் தூங்காத மனிதர். இப்படியே விட்டால் ஒரு நாள் அம்மாவைத் தூக்கும்போது அவரே விழுவார். அதன்பிறகு இரண்டு கட்டில் போட வேண்டிவரும். இதை நீங்கள் கண்ணால் கண்டும் விளையாட்டின் மேல் பழியைப் போட்டீர்கள். விளையாட்டின் மேல் பழியைப் போட்டால் கணினியை எடுத்துவிட்டு வத்தளைக்குப் போய்விடலாம். தூக்கமின்மை என்று ஒத்துக்கொண்டால் அந்த இரவுகளில் யாரோ ஒருவர் அவருக்குப் பதிலாக விழித்திருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் நீங்கள்தான் என்பது உங்கள் மனதுக்குத் தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். உதவிப் பெண் குளிப்பாட்டி, தலை வாரி, விரிப்பு மாற்றி வைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பகலில் போய் அருகில் இருந்துவிட்டு வருவதை நான் பராமரிப்பு என்று சொல்ல மாட்டேன். உங்களைப் பெற்று இரவிரவாக விழித்திருந்து வளர்த்தவர்கள் அவர்கள். வத்தளைக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவே கடல் இல்லை.

கிழமைக்கு இரண்டு இரவுகள் நீங்கள் அங்கே தங்க வேண்டும். அண்ணா அனுப்பும் பணத்தில் மேலும் இரண்டு மூன்று இரவுகளுக்கு, நோயாளி பராமரிப்புப் பழகிய ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். காற்று மெத்தை இல்லாவிட்டால் அதையும் வாங்கலாம். அது அழுத்தத்தைக் குறைக்கும், ஆனால் திருப்பும் வேலையை இல்லாமல் செய்யாது. அந்த இரவுகளில் அப்பா வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். மூன்று நான்கு கிழமை ஒழுங்காகத் தூங்கிய பிறகும் மறதியோ தடுமாற்றமோ தெரிந்தால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். தூங்கக் கிடைத்த இரவிலும் அவர் கணினியின் முன்னால்தான் இருக்கிறார் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அவரைக் கண்டித்து எழுதவும் நான் தயங்க மாட்டேன்.

முதல் இரவு போனவுடன், “நீங்கள் போய்ப் படுங்கள், நான் பார்க்கிறேன்” என்று சொல்லாதீர்கள். அவர் நம்பமாட்டார், நம்பவும் கூடாது, உங்களுக்கு இன்னும் அந்த வேலை தெரியாது. அம்மாவை இழுக்கக் கூடாது, இழுத்தால் தோல் உரியும். கீழே விரித்த துணியோடு சேர்த்து இருவர் இரு புறமும் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். முழுக்க ஒருக்களித்து விடாமல் சற்றுச் சாய்த்து முதுகுக்குத் தலையணை கொடுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று வைத்து, குதிக்கால் மெத்தையில் படாதபடி கெண்டைக் காலின் கீழும் ஒன்று வைக்க வேண்டும். இருவர் செய்ய வேண்டிய இதையெல்லாம் இரவில் அவர் தனியாள் செய்து பழகியிருக்கிறார். அவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நடுவில் கிடைக்கும் நேரத்தில் அவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, எந்தப் பிரதேசத்துக்கு முதலில் போவீர்கள் அப்பா என்று கேளுங்கள்.

இந்த வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு முன் வெள்ளவத்தையில் இருங்கள். பன்னிரண்டு மணிக்கு எந்தப் பக்கம் என்று கொப்பியைப் பாருங்கள். திருப்பி முடிந்ததும் அதற்குரிய எழுத்தை நீங்கள் எழுதுங்கள்.