பொனேரில் கரையிலிருந்து டைவிங்: எந்த இடம், எவ்வளவு ஆழம்?

ஓப்பன் வாட்டர் (ஸ்கூபா டைவிங்கின் முதல் நிலை) சான்றிதழோடு கரீபியன் தீவான பொனேருக்குப் போகிறேன், படகில்லாமல் எங்கே, எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மேற்குக் கரையை விட்டு நகராதீர்கள். கிழக்கில் காற்றும் அலையும் நேராக அடிக்கும். மேற்கில் சாலையோரம் மஞ்சள் பூசிய கற்களில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். வண்டியை நிறுத்தி, சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலுக்குள் நடக்க வேண்டியதுதான். சற்று நீந்தினால், சுமார் 10 மீட்டரில் பவளப்பாறை சரியத் தொடங்கும்.

உங்கள் வரம்பு 18 மீட்டர். அதுவரை போயே தீரவேண்டும் என்றில்லை. 10 மீட்டரில் அழுத்தம் 2 பார், 30 மீட்டரில் 4 பார்; அங்கே சிலிண்டர் காற்று இருமடங்கு வேகத்தில் தீரும். வெளிச்சமும் நிறமும் மேலேதான் அதிகம். என்னைக் கேட்டால் 8 முதல் 15 மீட்டரே போதும்.

1984-இல் மூழ்கிய ஹில்மா ஹூக்கர் கப்பல் சுமார் 30 மீட்டர் ஆழ மணலில் பக்கவாட்டில் கிடக்கிறது. அடுத்த நிலையான அட்வான்ஸ்டு பயிற்சியை முடிக்காமல் அடிவரை இறங்காதீர்கள். '1000 ஸ்டெப்ஸ்' (ஆயிரம் படிகள்) என்ற டைவிங் இடத்தின் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கடலுக்கு இறங்க சுமார் எழுபது படிதான். ஆனால் திரும்பும்போது சிலிண்டரோடு ஏறவேண்டும், அப்போது ஆயிரம்தான்!

எங்கே இறங்கினாலும் முதலில் நீரோட்டத்தை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அதுவே இறங்கிய இடத்துக்குத் தள்ளிவரும். கையுறை வேண்டாம், அங்கே தடை.