எண்ணெயை நிறுத்தினீர்கள், சோயாவை நிறுத்தவில்லையே!

கேள்வி: மரபணு மாற்றிய சோயா, பருத்திக்கொட்டை எண்ணெய், விதையில்லாத் திராட்சை, பப்பாளி, ஸ்வீட் கார்ன் எல்லாமே புற்றுநோய் தரும், பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. கட்டி வந்த எலிகளின் படமும் வந்தது. பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். ரீஃபைண்ட் ஆயிலை விட்டு, செக்குக் கடலை எண்ணெய்க்கு மாறிவிட்டோம். என் மகனுக்கு 7 வயது, எடை 22 கிலோ. இரண்டு முறை மீல் மேக்கர் (சோயா உருண்டை) குருமா சாப்பிட்ட கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்தது. இரண்டாம் முறை உதடு வீங்கி, வாந்தி எடுத்து, குரலும் கம்மிவிட்டது. அது 'ஜி.எம். இல்லை' என்று அச்சிட்ட பாக்கெட். மருந்துக்கடையில் அவில் வாங்கிக் கொடுத்தேன், சரியாகிவிட்டது. இது மரபணு மாற்றத்தின் விளைவா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இல்லை அம்மா. உங்கள் மகனுக்குச் சோயா ஒவ்வாமை இருக்கிறது என்றுதான் நீங்கள் சொல்வதிலிருந்து தெரிகிறது. மருத்துவர் பரிசோதித்துச் சொல்லும்வரை சோயாவை எந்த வடிவிலும் கொடுக்காதீர்கள். "கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்போம்" என்ற சோதனையும் வீட்டில் வேண்டாம். இந்த வாரமே குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

முதல் முறை தோல் மட்டும் தடித்தது. இரண்டாம் முறை தோலோடு வயிறும் தொண்டையும் சேர்ந்துகொண்டன. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பின் இரண்டு பகுதிகள் இப்படிச் சேர்ந்து பாதிக்கப்பட்டால் அதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர். தடிப்போடு வாந்தி, தடிப்போடு மூச்சிரைப்பு, தடிப்போடு மயக்கம் எல்லாம் இதில் அடங்கும். குரல் கம்முவது குரல்வளைப் பகுதி வீங்குவதற்கு அடையாளம். குழந்தையின் மூச்சுப்பாதை குறுகலானது. சிறு வீக்கம் போதும், காற்று போகும் வழி அடைபட. இத்தனை நாளாக நீங்கள் பயந்திருக்க வேண்டியது இந்த ஒன்றுக்குத்தான்.

அவில் அரிப்பைக் குறைக்கும், தடிப்பை வாடவைக்கும். தொண்டை வீக்கத்தையோ இரத்த அழுத்தம் சரிவதையோ அது தடுக்காது. மருந்துக்கடைகளில் கூடவே கொடுத்தனுப்பும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு வேலை செய்யவே சில மணி நேரமாகும். அன்று அந்த எதிர்வினை தானாகத் தணிந்திருக்கிறது, மாத்திரை காப்பாற்றியது என்று நம்பிவிட்டீர்கள். மூன்றாம் முறை எப்படி இருக்கும் என்று இரண்டாம் முறையை வைத்துச் சொல்ல முடியாது.

மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள் போட வேண்டும். அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், குழந்தைக்கு அதிகபட்சம் 0.3 மில்லிகிராம். உங்கள் மகனின் எடைக்கு 1:1000 கரைசலில் 0.2 மில்லி லிட்டரை ஒட்டி வரும். பலன் தெரியாவிட்டால் ஐந்து நிமிடத்தில் இன்னொன்று போடுவார்கள். தானாகவே குத்தும் பேனா ஊசி நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே மாத்திரை தேடி ஓடாமல் முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். பையனைப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் உட்கார்ந்திருக்கட்டும், வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். சட்டென்று எழுப்பி நிறுத்தவோ மாடிப்படியில் நடத்திக் கூட்டிவரவோ கூடாது. இரத்த அழுத்தம் சரிந்திருக்கும்போது எழுந்து நின்றதாலேயே இதயம் நின்றுபோனவர்கள் உண்டு. உங்கள் பகுதிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, 24 மணி நேரமும் அவசரப் பிரிவு உண்டு. வாசலிலேயே "சோயா சாப்பிட்டான், குரல் கம்முகிறது, இது மூன்றாவது தடவை" என்று சொல்லுங்கள். ஊசி போட்டுத் தெளிந்த பிறகும் சில மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும், அடங்கிய எதிர்வினை மறுபடி கிளம்புவதுண்டு.

இனி, உங்களை ஏமாற்றிய அந்த பாக்கெட். சோயாவின் சொந்தப் புரதமே ஒவ்வாமை தரும். எண்ணெய் எடுத்த சோயா மாவைத்தான் மீல் மேக்கராக்குகிறார்கள், அதில் பாதி புரதம். மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளையும் நம் சோயா மரபணு மாற்றியதல்ல. இந்தியாவில் அதைப் பயிரிட அனுமதியே இல்லை. 'ஜி.எம். இல்லை' என்பது விதையைப் பற்றிய தகவல். உங்கள் மகனுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்பதை அது சொல்லாது.

மரபணு மாற்ற உணவில் மருத்துவர்கள் உண்மையாகவே கவலைப்படும் விஷயமும் ஒவ்வாமைதான். சோயாவின் சத்தைக் கூட்ட பிரேசில் நட் என்ற கொட்டையின் மரபணுவைச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களின் இரத்தம் புதிய சோயாவுக்கும் எதிர்வினை காட்டியது. 1996-ல் ஆய்வு வெளிவந்தது, அந்தச் சோயா சந்தைக்கு வரவே இல்லை. புதிய புரதம் தெரிந்த ஒவ்வாமைப் பொருள்களை ஒத்திருக்கிறதா, இரைப்பை நீரில் செரிக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பது இதனால்தான்.

எலிப் படத்தை அழித்துவிடுங்கள். அது பெரும்பாலும் 2012-ல் பிரான்ஸிலிருந்து வந்த ஆய்வின் படம். வெளியிட்ட இதழே 2013-ல் அதைத் திரும்பப் பெற்றது. வயதானால் எந்தத் தீவனம் தின்றாலும் கட்டி வரும் எலி இனத்தை எடுத்து, குழுவுக்குப் பத்துப் பத்தாக வைத்து, இரண்டு ஆண்டு வளர்த்திருந்தார்கள். பின்னர் வேறோர் இதழில் மறுபடி வந்தது, ஆனால் குறை அப்படியேதான் இருந்தது. இந்தப் பயிர்களை அதிகம் உண்ணும் அமெரிக்காவின் புற்றுநோய்ப் போக்கையும், அதிகம் உண்ணாத மேற்கு ஐரோப்பாவின் போக்கையும் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதெமி 2016-ல் ஒப்பிட்டது. இந்த உணவால் வந்தது என்று சொல்லும்படி எந்த வேறுபாடும் தெரியவில்லை. பிள்ளைப்பேறு கெடும் என்பதற்கும் சான்று இல்லை.

விதையில்லாத் திராட்சை தண்டை வெட்டி நட்டுப் பெருக்கிய பழைய ரகம். நம் கடையில் வாங்கும் பப்பாளியும் ஸ்வீட் கார்னும் மரபணு மாற்றியவை அல்ல. தாராளமாகக் கொடுங்கள்.

நம் அடுப்படிக்குள் மரபணு மாற்றப் பயிர் வருவது எண்ணெய் வழியாகத்தான். நம் பருத்தி நிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் 2002-ல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி, அதாவது காய்ப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணுவைச் சேர்த்த பருத்தி. அதன் கொட்டை எண்ணெய் பலகாரக் கடைகளில் கொதிக்கிறது. அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து வரும் சோயா எண்ணெயும் பெரும்பாலும் மரபணு மாற்றிய சோயாவிலிருந்து எடுத்ததுதான். ஆனால் மரபணுவும் புரதமும் சுத்திகரிப்பில் ஏறக்குறைய முழுதாக நீங்கிவிடுகின்றன. செக்கு எண்ணெயில் புரதத் துணுக்கு தங்கும். சோயா ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் சிலருக்கு வேர்க்கடலையும் ஒத்துக்கொள்ளாது. மகன் இதுவரை பிரச்சினை இல்லாமல் வேர்க்கடலை தின்றிருந்தால் இப்போதைய செக்கு எண்ணெயால் கவலை இல்லை. தின்றதே இல்லை என்றால் மருத்துவர் பார்க்கும்வரை மறுபடி ரீஃபைண்ட் கடலை எண்ணெய்க்கோ சூரியகாந்தி எண்ணெய்க்கோ மாறுங்கள்.

இதனால் சர்ச்சை எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். பி.டி. பருத்தியால் தொடக்கத்தில் காய்ப்புழுவுக்கு அடிக்கும் மருந்து குறைந்தது. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகிக்கொண்டது. பி.டி. கத்தரி 2010-ல் இங்கே நிறுத்திவைக்கப்பட்டது, வங்கதேசம் 2014 முதல் பயிரிடுகிறது. மரபணு மாற்றக் கடுகு பற்றி 2024-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் இரு வேறு தீர்ப்பு சொன்னார்கள். விதை யார் கையில், களைக்கொல்லி எவ்வளவு தெளிக்கிறார்கள், ஆய்வு விவரம் மக்களுக்குக் கிடைக்கிறதா என்பவை நியாயமான கேள்விகள். லேபிள் கேட்பதும் உங்கள் உரிமை. ஆனால் இவற்றுக்கான பதில் உங்கள் மகனின் தொண்டை வீக்கத்தை விளக்காது. வீட்டில் யாராவது இன்சுலின் போட்டுக்கொண்டால் இந்த வாட்ஸ்அப் பயத்தில் அதை நிறுத்திவிடாதீர்கள். 1982 முதல் மனித இன்சுலின் மரபணு மாற்றிய நுண்ணுயிரிலிருந்துதான் வருகிறது.

பரிசோதனைக்குத் தோல் குத்துச் சோதனை, சோயாவுக்கான தனி ஐஜிஇ (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்புப் புரதம்) இரத்தச் சோதனை இரண்டும் போதும். தோல் சோதனையைக் கடும் எதிர்வினைக்கு நாலைந்து வாரம் கழித்துச் செய்வார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே அவில், செட்ரிசின் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் பொய்யாக 'இல்லை' என்று வரும். இருநூறு உணவுக்கு ஐஜிஜி பார்க்கிறோம் என்று விளம்பரம் செய்யும் பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள். ஐஜிஜி வேறு வகை எதிர்ப்புப் புரதம், அது அந்த உணவைச் சாப்பிட்டதைக் காட்டுமே தவிர ஒவ்வாமையைக் காட்டாது.

சோயா ஒளிந்திருக்கும் இடங்களில் முதலாவது சத்துமாவு. வீட்டில் அரைத்ததாக இருந்தாலும் அரைக்கக் கொடுத்தவரிடம் கேளுங்கள். அடுத்து பிஸ்கட், பிரெட், பல தானிய ஆட்டா. பாக்கெட்டில் ஒவ்வாமைப் பொருள் என்ற வரியில் சோயா இருந்தால் சட்டப்படி போட்டிருக்க வேண்டும், அதைப் படியுங்கள். தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில் ஃபிரைடு ரைஸுக்கும் நூடுல்ஸுக்கும் சோயா சாஸ் ஊற்றுவார்கள், ஒரே சட்டியில்தான் எல்லாம் புரட்டுவார்கள். அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையிலும் என்ன சாஸ் என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். பள்ளியில் டிபன் மாற்றிச் சாப்பிடக் கூடாது என்று பையனிடம் சொல்வதோடு, வகுப்பு ஆசிரியரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: சோயா ஒவ்வாமை, தடிப்போடு வாந்தியோ குரல் கம்மலோ மூச்சிரைப்போ வந்தால் படுக்கவைத்து 108, பிறகு என் கைபேசி.